தோஹாவில் பறித்த வெள்ளியைத் திருப்பிக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி. டி. உஷா அவர்களுக்கும், இந்திய தடகள சம்மேளனப் பொறுப்பாளர்களுக்கும்,

2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் அதில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். அந்த மாதம் முடிவதற்குள், பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கேளுங்கள் என்று உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இத்தனை வருடம் கழித்து இப்போது ஏன் என்று கேட்பீர்கள். உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் 1 முதல் ஒரு புது விதியைக் கொண்டுவந்துவிட்டது. உலகச் சாம்பியன்ஷிப் போன்ற போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடவோ, தாண்டவோ, எறியவோ வேண்டுமானால், பொதுவாக ஆண்களிடம் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு உடம்பில் இருக்கிறதா என்று வாழ்நாளில் ஒரு முறை சோதித்துக் காட்ட வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பார்கள், இல்லையென்றால் ரத்தம் எடுப்பார்கள். அதை நடத்தும் பொறுப்பு அந்தந்த நாட்டுச் சம்மேளனத்துடையது. நம் நாட்டில் அது உங்களுடையது. 2006ல் ஒரே ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கையைக் காப்பாற்ற முடியவில்லை. இனி இந்தியாவுக்காக ஓடப் போகும் ஒவ்வொரு பெண்ணின் அறிக்கையும் உங்கள் அலமாரிக்கு வரப்போகிறது. பழைய கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கணக்கைத் திறப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் 'பி.டி. டீச்சர்'. கல்லூரி நாளில் எனக்கும் 800 மீட்டர்தான். மாநில அளவைத் தாண்டவில்லை. ஆனால் அந்த ஓட்டம் ஆளை என்ன செய்யும் என்று என் காலுக்குத் தெரியும். முதல் சுற்றில் எல்லோரும் ராணிகள். மணி அடித்த பிறகு 500, 550 மீட்டர் வாக்கில் தொடை கல்லாகும். கடைசி நேர்கோட்டில் கையை வீசினாலும் கால் கூட வராது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருத்தி மூச்சிரைக்கும் சத்தம் கேட்கும். அவளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிற ஒரே எண்ணத்தில்தான் மிச்ச தூரத்தை ஓட முடியும். தோஹாவில் சாந்தி அப்படித்தான் ஓடினார். பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் முன்னால் போய்விட்டார். இரண்டாம் இடத்துக்கு நடந்த போட்டியில் சாந்தி நூலிழையில் முந்தினார்.

உஷா அவர்களே, இந்த நூலிழை என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு உங்களுக்கும் வெண்கலத்துக்கும் நடுவே நின்றது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்த நூறில் ஒரு பங்கைக் கணக்கு நோட்டில் தசமத்தில் எழுதிப் பார்த்தேன். நீங்கள் அதோடு நிற்கவில்லை. ஊரில் பள்ளி தொடங்கி, டின்டு லூகாவை வளர்த்து, 2010ல் 1 நிமிடம் 59.17 விநாடியில் 800 மீட்டரில் தேசிய சாதனை படைக்க வைத்தீர்கள். ஒரு நடுத்தூர ஓட்டக்காரியை உருவாக்க எத்தனை விடியற்காலை செலவாகும் என்பது அந்த நாற்காலியில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த மடலை முதலில் உங்கள் பெயருக்கு எழுதுகிறேன்.

சாந்தியின் விடியற்காலைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். அவர்கள் வேலைக்கு வெளியூர் போனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது இந்தப் பெண். ஓடக் கற்றுக்கொடுத்தது தாத்தா. முதல் ஜோடி ஷூவை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். எங்கள் பக்கத்து மண் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். செம்மண்ணும் சரளையும் கலந்த காடு. மழை பெய்தால் சறுக்கும், வெயிலடித்தால் கால் பொத்துப்போகும். அந்த மண்ணில் ஓடிப் பழகிய பெண் 2005ல் தென் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அடுத்த வருடம் தோஹா.

தோஹாவில் ஓடி முடித்த பிறகு அவரைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். எதற்கு என்று விளங்கும்படி யாரும் சொல்லவில்லை என்று பின்னால் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஊருக்கு வந்தார். ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அவர் தேறவில்லை என்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடியது. மருத்துவரும் நோயாளியும் மட்டும் தனி அறையில் பேச வேண்டிய ஒன்றை உலகமே தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசியது.

அந்தப் பரிசோதனையில் என்ன வந்தது, அவர் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பற்றி இந்த மடலில் ஒரு வரி கூட எழுத மாட்டேன். அது அவருடையது. இணையத்தில் தேடினால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆகிவிட்டதே, அதுதான் என் முதல் புகார்.

இரண்டாவது புகார், அவருக்காக யாரும் எதிர்த்து நிற்கவில்லை என்பது. ஊக்கமருந்து வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து எடுத்ததாகப் பிடிபட்ட ஒருவர், தனியே எடுத்துவைத்த இரண்டாவது மாதிரியான 'பி' மாதிரியையும் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். விசாரணை உண்டு, வக்கீல் உண்டு, மேல்முறையீடு உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் தங்கம் வென்ற ரஷ்யாவின் மரியா சவினோவா ஊக்கமருந்து எடுத்தவர் என்று தீர்ப்பாகிப் பதக்கம் பறிக்கப்பட 2017 ஆனது. தெரிந்தே ஏமாற்றியவருக்கு அத்தனை வருடம், அத்தனை படிகள். சாந்தி எந்த மருந்தும் எடுக்கவில்லை, எதையும் மறைக்கவில்லை. பிறந்த உடம்போடு பயிற்சி செய்து ஓடினார். அவருக்குச் சில நாள் கூடக் கொடுக்கவில்லை. உன் தரப்பு என்ன அம்மா என்று உட்கார வைத்துக் கேட்க ஓர் ஆள் இல்லை.

அதன் பிறகு நடந்ததை நாடே பார்த்தது. 2007ல் அவர் உயிரை விடத் துணிந்து, நல்ல வேளையாகப் பிழைத்தார். தோஹா வெள்ளிக்காகத் தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தது. முதல்வராக இருந்த கருணாநிதி, பதக்கம் போன பிறகும் பரிசைத் திரும்பப் பெறவில்லை. சாந்தி அந்தப் பணத்தை வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். பணம் எத்தனை நாளைக்கு வரும்? 2012ல் அவர் நாள் கூலி 200 ரூபாய்க்குச் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் படம் பத்திரிகைகளில் வந்தது. சூளை வேலை என்றால் என்னவென்று டெல்லியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் மண்ணைக் குழைத்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்து, பச்சைக்கல்லைத் தலையில் சுமந்துபோய் அடுக்க வேண்டும். சாயங்காலம் உள்ளங்கை ரேகை தெரியாது. ஆசியாவில் இரண்டாம் இடம் பிடித்த கால்கள் அந்தச் சேற்றில் நின்றன.

அதற்குப் பிறகு அவர் பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்தார். 2016ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன்பு பத்து வருடம் போய்விட்டது. ஓட்டக்காரிக்கு இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்தைந்து வரைக்கும் உள்ள பத்து வருடம் திரும்ப வருமா? அதை நான் உங்களிடம் கேட்கவில்லை, யாராலும் கொடுக்கவும் முடியாது. பதக்கத்தைக் கொடுக்க முடியும்.

இது ஒரு சாந்தியோடு முடிந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். என் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

தோஹா நடந்து இரண்டு வருடம் இருக்கும். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நெடுநெடுவென்று வளர்த்தி. கட்டைக் குரல். மார்பு வளராத உடம்பு, மேலுதட்டில் லேசாகப் பூனைமயிர். அவள் வயதில் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் இருப்பார்கள். குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் இரண்டாவதாக வந்தவளை இருபது மீட்டர் பின்னால் விட்டாள். மாவட்டப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம். அங்கேயும் முதலிடம். அவள் முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றாள், மூச்சு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் மேசைக்குப் போய்விட்டார். "சார், இது பொண்ணுதானான்னு பாத்துடுங்க. அந்த தோஹா கேஸ் மாதிரி ஆயிடப் போகுது" என்றார். மைக் அணைக்கப்படவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது.

மேசையில் இருந்தவர்கள் மழுப்பினார்கள். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது என்று காட்டினேன். அது போதாது, நாளைக்குப் புகார் வந்தால் எங்கள் தலை உருளும் என்றார்கள். கடைசியில் இரண்டு பெண் ஆசிரியர்கள் அவளைப் பக்கத்து வகுப்பறைக்குக் கூட்டிப்போனார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே போய் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். செய்யவில்லை. பெரியவர்கள் சொல்கிறார்கள், மாவட்டப் போட்டி, பதவி, பேச்சு என்று எல்லாம் சேர்ந்து என் காலைக் கட்டிவிட்டது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

பத்து நிமிடத்தில் அவள் வெளியே வந்தாள். பெண்தான் என்று சொல்லி முதல் பரிசையும் அறிவித்தார்கள். அவள் மேடைக்குப் போகவில்லை. நெஞ்சில் குத்தியிருந்த செஸ்ட் நம்பர் துணியை ஊசி ஊசியாகக் கழற்றி, நான்காய், எட்டாய் மடித்து, தீப்பெட்டி அளவுக்குச் சிறிதாக்கி என் கையில் வைத்தாள். பஸ்ஸில் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். "போதும் டீச்சர். நாளைக்கு இவள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்க வேணாமா?" என்றார். அவ்வளவுதான். அவள் மாநிலப் போட்டிக்கு வரவில்லை. அப்புறம் ஒரு நாளும் ஓடவில்லை. இன்றைக்குப் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்குப் போன் பண்ணுவாள். ஓட்டத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

தோஹாவில் சாந்திக்கு நடந்ததை எந்த விதிப் புத்தகத்திலும் படித்துவிட்டு அந்த ஆசிரியர் பேசவில்லை. தொலைக்காட்சியில் பார்த்துத்தான் பேசினார். மேலே ஒரு பெண்ணை அப்படி அம்பலப்படுத்தலாம் என்றால், கீழே குறுவட்ட மைதானம் வரைக்கும் யாரும் யாரையும் அப்படிக் கேட்கலாம் என்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு உயரமான பெண்ணையோ, குரல் கட்டையான பெண்ணையோ ஓட்டத்துக்குச் சேர்க்கும்போதெல்லாம் வீட்டில் அந்தப் பயத்தை நான் பார்த்திருக்கிறேன். 'சாந்தி மாதிரி ஓடணும்' என்று சொல்லிப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூப்பிட்டிருக்க வேண்டிய பெயரை, வசவாக ஆக்கிவிட்டார்கள்.

இந்தப் பரிசோதனைகளின் பழைய கதையைச் சம்மேளனத்தில் இருப்பவர்கள் ஒரு முறை திரும்பப் படிக்க வேண்டும். 1966ல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் பெண்களை மருத்துவர்கள் முன்னால் ஆடையில்லாமல் நடக்க வைத்தார்கள். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. 1985ல் ஜப்பானின் கோபேயில் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தினோ அந்தச் சோதனையில் மாட்டினார். அடிபட்டுவிட்டது என்று பொய் சொல்லி ஒதுங்கிக்கொள் என்று அவருக்குச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டுத் தேசியப் போட்டியில் ஓடினார், ஜெயித்தார். உடனே விஷயம் பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை, பதக்கங்கள், காதலன் என்று எல்லாம் போயிற்று. விடாமல் போராடினார். 1988ல், இவர் பெண்கள் பிரிவில் ஓடலாம் என்று அதே உலக அமைப்பு ஒப்புக்கொண்டது. 1992ல் கட்டாயப் பரிசோதனையையே அந்த அமைப்பு கைவிட்டது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கைப் பாருங்கள். இப்போது கொண்டுவந்திருக்கிற இதே எஸ்.ஆர்.ஒய். மரபணுவைத்தான் அங்கேயும் தேடினார்கள். 3,387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு இருப்பதாக வந்தது. எட்டுப் பேரையும் விசாரித்துவிட்டு எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள். ஒருத்தர் பெயர் கூட வெளியே வரவில்லை. மூன்று வருடம் கழித்து ஒலிம்பிக் குழுவும் இந்தச் சோதனையை நிறுத்தியது. அட்லாண்டாவில் 1996ல் முடிந்தது தோஹாவில் 2006ல் ஏன் முடியாமல் போயிற்று? இந்த மரபணுவை 1990ல் கண்டுபிடித்த குழுவின் ஆண்ட்ரூ சின்க்ளேரே, ஒருவர் ஆணா பெண்ணா என்று முடிவுகட்ட இதைப் பயன்படுத்துவது தவறு என்று 2025ல் வெளிப்படையாக எழுதினார்.

சாந்திக்கு மூன்று வருடம் கழித்து, 2009ல் பெர்லினில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா அதே 800 மீட்டரை 1 நிமிடம் 55.45 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அதே கேள்வி, அதே அவமானம். ஆனால் அவர் நாடு அவர் பக்கம் நின்றது. விமான நிலையத்தில் கூட்டம் கூட்டமாக வந்து வரவேற்றார்கள், அரசே குரல் கொடுத்தது. அந்தத் தங்கம் இன்றைக்கும் அவருடையதுதான். பின்னால் வந்த விதிகள் அவரை 800 மீட்டரிலிருந்து வெளியே தள்ளின. அவர் வழக்கு மேல் வழக்காகப் போனார். அவருக்கு முறையான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் வீட்டிலேயே இன்னொரு பெண் இருக்கிறார். 2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு முன்னால் ஒடிசாவின் ஓட்டக்காரி துத்தி சந்த் என்பவரை, உடம்பில் ஆண் ஹார்மோன் அளவு பற்றிய விதியைக் காட்டி அணியிலிருந்து எடுத்தார்கள். இந்த முறை இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குப் பின்னால் நின்றது. விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. 2015 ஜூலையில் அந்த விதியையே நிறுத்திவைத்தார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் துத்தி வெள்ளி வாங்கினார். நாடு துணை நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? எட்டு வருடம் முன்னால் சாந்திக்கு அதே துணை கிடைத்திருந்தால் அவர் கதை எப்படிப் போயிருக்கும் என்று நான் நினைக்காத நாள் கிடையாது.

பெண்கள் பிரிவு என்று தனியாக ஒன்று வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் நானே மைதானத்துக்குப் போயிருக்க முடியாது. யார் அதில் ஓடலாம் என்பது எளிதான கேள்வி இல்லை என்பதும் தெரியும். அதற்கு விதி வேண்டுமானால் ஓடுவதற்கு முன்னால் சொல்லுங்கள், தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவள் மொழியில் சொல்லுங்கள். ஓடவிட்டு, கொடியைப் போர்த்தி, பதக்கத்தை மாட்டி, அதன் பிறகு தெருவில் நிறுத்திப் பறிக்காதீர்கள்.

இரண்டாம் இடத்துக்கு உயர்த்தப்பட்ட கஜகஸ்தான் வீராங்கனைக்கு என்ன பதில் என்றும் கேட்பீர்கள். அவரிடமிருந்து எதையும் வாங்கச் சொல்லவில்லை. 2002 சால்ட் லேக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஜோடிப் பிரிவில் தவறு நடந்தது என்று தெரிந்ததும் இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுத்தார்கள். 1912 ஸ்டாக்ஹோமில் தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப்பிடமிருந்து மறுவருடமே பறித்தார்கள். 1982ல் அவரை இணை வெற்றியாளர் என்றார்கள், 2022ல் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று திருத்தினார்கள். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. சாந்தி இருக்கிறார். இன்றைக்கும் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே நான் கேட்பது இவை. முதலில், ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலுக்கு இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் பெயரில், தலைவரின் கையெழுத்தோடு ஒரு மனு போக வேண்டும். 2006 தோஹா பெண்கள் 800 மீட்டரில் சாந்தி சௌந்தரராஜனின் வெள்ளியை, வேறு யாருடைய பதக்கத்தையும் குறைக்காமல், இணைப் பதக்கமாகத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் ஜப்பானின் நகோயாவில் அடுத்த ஆசிய விளையாட்டு. அதற்கு அணி கிளம்புவதற்கு முன்னால் மனு போகட்டும். அனுப்புவதற்கு முன்னால் சாந்தியிடம் நேரில் போய் அவர் சம்மதத்தைக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவே முடிவு. இது அவருடைய பதக்கம், என்னுடையதோ உங்களுடையதோ இல்லை.

இரண்டாவதாக, ஒரு மன்னிப்பு. பரிசோதனை முடிவு வெளியே கசிந்ததற்கும், அவரை வாதாட விடாததற்கும் இரண்டு அமைப்புகளும் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர்கள் இப்போது இல்லை என்று சொல்லாதீர்கள். அமைப்பு அதேதான், முத்திரையும் அதேதான்.

புது மரபணுச் சோதனை விஷயத்தில் சம்மேளனம் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். எதற்காக எடுக்கிறார்கள், முடிவு எப்படி வந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெண்ணுக்கு அவள் தாய்மொழியில், அச்சிட்ட தாளில் கொடுத்து, யோசிக்க நாள் கொடுத்து, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும் பக்கத்தில் இருக்க வேண்டும். முடிவை அவளுக்கு ஒரு பெண் மருத்துவர் நேரில் சொல்ல வேண்டும், மனநல ஆலோசகர் ஒருவரும் கூட இருக்க வேண்டும். போனில் சொல்லக் கூடாது. அறிக்கையை யார் யார் பார்க்கலாம் என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். கசிந்தால் கசியவிட்டவர் பதவியில் இருக்கக் கூடாது. எந்தப் பெண்ணாவது எதிர்த்து வழக்காட விரும்பினால் வக்கீல் செலவைச் சம்மேளனம் ஏற்க வேண்டும்.

மாநில, மாவட்ட, குறுவட்டப் போட்டிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரு பெண்ணின் தோற்றத்தையோ குரலையோ காட்டிப் புகார் கொடுப்பதை ஏற்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் மைதானத்தில் ஒரு சிறுமியின் ஆடையைக் களைந்து பார்க்கக் கூடாது, மீறினால் போட்டி நடத்தியவர்கள் மீது நடவடிக்கை வரும் என்று அதில் தெளிவாக இருக்கட்டும். அதைப் பள்ளிக்கல்வித் துறைக்கும் அனுப்பி, எல்லா உடற்கல்வி ஆசிரியர்களும் படித்துக் கையெழுத்துப் போடச் செய்யுங்கள். அப்படி ஒரு தாள் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் நான் அந்தக் கதவைத் திறந்திருப்பேன்.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். முடியும் என்றாலும் முடியாது என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள். தமிழில் அனுப்பினால் நல்லது. அந்தச் செஸ்ட் நம்பர் இன்னும் என் பீரோவில் மடித்தபடியே இருக்கிறது. உங்கள் பதிலை எடுத்துக்கொண்டு அதற்குரியவளின் வீட்டுக்குப் போய் நானே படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியை